வீட்டுக் காப்பீடும் கெடுநோக்குச் சேதமும்

ஒருவரின் வீட்டை இன்னொருவர் வேண்டுமென்றே கல்லெறிந்தோ, அடித்து நொறுக்கியோ, தீ வைத்தோ பாழாக்குவது கெடுநோக்குச் சேதம் எனப்படும். கலவரத்தில் நடப்பதும், தெருச் சண்டையின் தொடர்ச்சியாக நடப்பதும், பூட்டிக் கிடக்கும் வீட்டில் யாரென்று தெரியாதவர்கள் புகுந்து செய்வதும் இதில் அடங்கும். இந்தியாவில் விற்கப்படும் வீட்டுக் காப்பீட்டுப் பாலிசிகள் இத்தகைய இழப்பை ஈடு செய்கின்றன. ஆனால் புயல், வெள்ளம் போன்றவற்றுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. புயல் அடித்ததை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும். வீட்டை நொறுக்கியது வெளியாளின் செயல் என்பதை மட்டும் வீட்டுக்காரர்தான் காட்ட வேண்டும். அதற்கான சான்றுகள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே கிடைக்கும். அந்த நாட்களிலேயே அழிந்தும் போகும். குற்றவாளி பிடிபட்டாரா என்பதை விட, சான்று சேர்த்து வைக்கப்பட்டதா என்பதே இழப்பீட்டைப் பெரிதும் முடிவு செய்கிறது.

தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவிலைப் போன்ற ஊர்களை மனத்தில் கொண்டு இந்த நடைமுறை கீழே விளக்கப்படுகிறது. சங்கரநாராயணர் கோயிலுக்கும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் பெயர்பெற்ற இவ்வூர், விசைத்தறி நெசவு நடக்கும் ஊருமாகும். வீட்டோடு தறி இருப்பதும், பிழைப்புக்காக வெளியூர் சென்றவர்களின் வீடுகள் பூட்டிக் கிடப்பதும் காப்பீட்டில் தனிக் கேள்விகளை எழுப்புகின்றன.

பாலிசியில் இதன் பெயர்

பாலிசித் தாளில் 'வேண்டலிசம்' என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. 'ரயட், ஸ்ட்ரைக், மலீஷியஸ் டேமேஜ்' என்ற தலைப்பைத்தான் பார்க்க வேண்டும். கலவரம், வேலைநிறுத்தம், கெடுநோக்குச் சேதம் என்பது அதன் பொருள். காப்பீட்டுத் துறையினர் இதைச் சுருக்கமாக 'ஆர்.எஸ்.எம்.டி.' என்பார்கள்.

நீண்ட காலம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் ஒரே 'ஸ்டாண்டர்ட் ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ்' பாலிசியே பயன்பட்டு வந்தது. அதில் கெடுநோக்குச் சேதம் என்பது வெளியிலிருந்து வன்முறையால் நேரடியாக ஏற்பட்ட, கண்ணால் காணத்தக்க சேதம் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்க வேண்டும் என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) உத்தரவிட்டது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் இதன் அடிப்படை வாசகம் ஒன்றுதான். கலவரம், வேலைநிறுத்தம், கெடுநோக்குச் சேதம் ஆகியவை இதில் தனிக் கட்டணம் இல்லாமலே அடங்கும்.

வீட்டுக் கடன் வாங்கியவர்களில் சிலர் தங்களிடம் பாலிசி இருப்பதையே அறியாமல் இருப்பார்கள். கடன் கொடுக்கும்போது வங்கி தன் பாதுகாப்புக்காக வீட்டைக் காப்பீடு செய்திருக்கலாம். அப்படி இருந்தால் அதன் நகலை வங்கியில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இத்தகைய பாலிசியில் இழப்பீட்டுத் தொகை முதலில் வங்கிக்குச் சேரும் என்ற விதியும் இருக்கும்.

என்னென்ன அடங்கும்

பாரத் கிருஹ ரக்ஷாவில் 'வீட்டுக் கட்டடம்' என்பது நான்கு சுவரும் கூரையும் மட்டுமல்ல. மின் கம்பி இணைப்பு, தண்ணீர்க் குழாய், சுற்றுச்சுவர், வேலி, வாசல் கேட், தாழ்வாரம், வாகனக் கொட்டகை, நிலையான தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, சூரிய மின்தகடு ஆகியவையும் கட்டடத்தின் பகுதிகளே. ஆத்திரத்தோடு வருபவர்களின் கையில் முதலில் சிக்குபவை ஜன்னல் கண்ணாடியும் கேட்டும் மாடித் தொட்டியும்தான் என்பதால் இந்தப் பட்டியல் முக்கியமானது.

காப்பீட்டுத் தொகை நிலத்தின் விலையைச் சேர்க்காமல் கணக்கிடப்படும். வீட்டின் உட்பரப்பை, அவ்வூரில் ஒரு சதுர அடி கட்ட ஆகும் செலவால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 800 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகும் என்றால் காப்பீட்டுத் தொகை 16 லட்சம் ரூபாய். கட்டடத்தைக் காப்பீடு செய்தவருக்கு அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே கிடைக்கும். மேற்சொன்ன வீட்டில் இது 3,20,000 ரூபாய். தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, பீரோ, கட்டில், துணிமணி போன்றவை இதில் வரும். நகை, கலைப்பொருள் போன்ற விலையுயர்ந்தவற்றுக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் தன் பொருட்களை மட்டும் காப்பீடு செய்யலாம்.

பழைய பாலிசியில் வீட்டைக் குறைந்த தொகைக்குக் காப்பீடு செய்திருந்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கட்டடத்தை 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவருக்கு ஒரு லட்சம் ரூபாய் சேதத்தில் 50,000 ரூபாய்தான் கிடைக்கும். பாரத் கிருஹ ரக்ஷா இந்தக் கழிவை நீக்கிவிட்டது. கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகையும் ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் தானாக உயரும். இடிபாடுகளை அகற்றும் செலவுக்கு இழப்பீட்டில் 2 சதவீதம் வரையும், கட்டடப் பொறியாளர் போன்றோரின் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் பெறலாம். வீடு குடியிருக்க இயலாதபடி ஆகிவிட்டால், சீரமைக்கும் காலத்தில் வேறு வீட்டுக்குக் கொடுக்கும் வாடகைக்கும் வழி உண்டு.

எவை அடங்கா

அரசு அல்லது சட்டப்படியான அதிகாரியின் ஆணையால் வீடு கையகப்படுத்தப்பட்டாலோ இடிக்கப்பட்டாலோ இழப்பீடு இல்லை. ஆக்கிரமிப்பு அகற்றத்தில் சுவர் இடிபட்டால் அது கெடுநோக்குச் சேதம் ஆகாது. வீட்டைச் சட்டவிரோதமாக யாரேனும் கைப்பற்றி உட்கார்ந்துகொண்டால், அப்படி வீட்டை இழந்ததற்கும் காப்பீடு பொறுப்பேற்காது. அது உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்க்க வேண்டிய விவகாரம்.

காப்பீடு செய்தவரோ, அவருக்காக வேறொருவரோ வேண்டுமென்றே செய்த சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினைச் சண்டைகளில் இது சிக்கலாகும். பாலிசியில் பெயர் உள்ளவரே கோபத்தில் கதவை உடைத்திருந்தால் கோரிக்கை நிற்காது.

ரொக்கப் பணம், காசோலை, பத்திரங்கள், கையெழுத்துப் படிகள் ஆகியவை வீட்டுப் பொருள் காப்பீட்டில் இல்லை. வாகனமும் இல்லை. வாசலில் நின்ற இருசக்கர வாகனம் எரிக்கப்பட்டிருந்தால் அதற்கு வாகனக் காப்பீட்டில்தான் கோர வேண்டும். வாகனத்தின் சொந்தச் சேதத்தையும் ஏற்கும் முழுமையான பாலிசியில் கலவரமும் கெடுநோக்குச் செயலும் அடங்கும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு எதுவும் கிடைக்காது.

திருட்டைப் பற்றிப் பலரும் தவறாக நினைப்பதுண்டு. வீடு தாக்கப்பட்டு, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டைப் பாரத் கிருஹ ரக்ஷா ஏற்கும். கலவரத்தில் கதவு உடைந்து, மறுநாள் யாரோ தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிச் சென்றது இதற்கு எடுத்துக்காட்டு. எந்தக் கலவரமும் இல்லாமல், திருடுவதற்காகவே பூட்டை உடைத்து நுழைந்த திருட்டுக்குத் தனியாகக் கன்னக்களவுக் காப்பீடு வேண்டும். பொருள் எப்போது எப்படிக் காணாமல் போனது என்று எந்த நிகழ்வோடும் தொடர்புபடுத்த முடியாவிட்டாலும் இழப்பீடு இல்லை.

வீட்டோடு தறி, பூட்டிய வீடு

வீட்டின் ஒரு பகுதியில் விசைத்தறி ஓடினால், அதைக் காப்பீட்டு விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், சேதத்துக்குப் பிறகு வரும் மதிப்பீட்டாளரின் கண்ணில் முதலில் படுவது தறிதான். முக்கியமான தகவலை மறைத்ததாகக் கூறி முழுக் கோரிக்கையையும் மறுக்க அது இடம் தரும். தறியைத் தெரிவித்திருந்தாலும் தறி, பாவு நூல், நெய்து மடித்து வைத்த துணி ஆகியவை வீட்டுப் பொருட்கள் அல்ல, தொழில் பொருட்கள். அவற்றுக்குச் சிறு தொழில்களுக்கென்று அதே 2021இல் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி இருக்கிறது. ஒரே இடத்தில் உள்ள சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் இதை எடுக்கலாம். கூலிக்கு நெய்பவரின் தறியில் இருக்கும் பாவு, கொடுத்த முதலாளிக்குச் சொந்தமானது. அதை யார் காப்பீடு செய்வது என்பதை இருவரும் முன்பே பேசி முடிவு செய்துகொள்வது பின்னால் வரும் வழக்கைத் தவிர்க்கும்.

பூட்டிய வீடு அடுத்த சிக்கல். பழைய தீ பாலிசியில், வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், முன்கூட்டியே நிறுவனத்தின் ஒப்புதல் பெறாவிட்டால் காப்பீடு நின்றுவிடும் என்ற நிபந்தனை இருந்தது. எந்தப் பாலிசியாக இருந்தாலும், சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ மாதக்கணக்கில் செல்பவர்கள் அதை மின்னஞ்சலில் நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பதில் வாங்கி வைப்பது நல்லது. பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்துவிட்டுச் செல்பவர்கள், வாரம் ஒருமுறை வீட்டைப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். சேதம் எந்த வாரத்தில் நடந்தது என்பதற்கு அந்தப் படங்களே சான்றாகும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

வீடு தாக்கப்பட்டதும் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளுவது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அது இயல்பானதுதான். ஆனால் அதற்கு முன் 10 நிமிடம் ஒதுக்கி, வாசலில் தொடங்கி ஒவ்வோர் அறையாகக் கைபேசியில் காணொளி எடுக்க வேண்டும். தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று என்று ஒவ்வொரு சேதத்துக்கும் இரண்டு படங்கள் தேவை. வீட்டு எண்ணும் தெருவும் தெரியும்படி ஒரு படமாவது இருக்க வேண்டும். எறியப்பட்ட கல், கட்டை, பாட்டில் போன்றவற்றைக் காவல்துறையினர் பார்க்கும் வரை தொடக்கூடாது. உடைந்த பொருட்களை மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை பழைய இரும்புக் கடைக்குப் போடக்கூடாது.

எதிர்வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ கண்காணிப்புக் கேமரா இருந்தால் அன்றே பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். பல கேமராக்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு சில நாட்களிலேயே விழுந்துவிடும்.

மேலும் சேதம் ஆகாமல் தடுப்பது காப்பீடு செய்தவரின் கடமை. உடைந்த கதவை அப்படியே விட்டு, மழைநீர் உள்ளே புகுந்து மெத்தையும் நனைந்துவிட்டால், அந்தக் கூடுதல் இழப்பை நிறுவனம் ஏற்க மறுக்கலாம். படம் எடுத்த பிறகு பலகை அடிப்பது, தார்ப்பாய் கட்டுவது போன்ற தற்காலிக வேலைகளைச் செய்து ரசீது வாங்கி வைக்க வேண்டும். மீட்டர் பெட்டி சேதமாகியிருந்தால் மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தீ வைக்கப்பட்டிருந்தால் தீயணைப்புத் துறையின் அறிக்கை பின்னால் கட்டாயம் கேட்கப்படும்.

அதே நாளில் காப்பீட்டு நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணில் தகவல் சொல்லிக் கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். முகவரிடம் வாய்மொழியாகச் சொன்னது போதாது. கோரிக்கைப் படிவத்தை, சேதத்தை முதலில் கவனித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஊரில் இல்லாததாலோ மருத்துவமனையில் இருந்ததாலோ தாமதமானால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மையான கோரிக்கையைத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011இலேயே சுற்றறிக்கை அனுப்பியுள்ளது. வாகனத் திருட்டு வழக்கு ஒன்றில், காவல்துறைக்கு உடனே புகார் கொடுத்தவரின் கோரிக்கையை, நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது.

காவல் நிலையப் புகார்

புகார் கொடுப்பது குற்றவாளியைத் தண்டிக்க மட்டும் அல்ல. சேதம் இன்ன நாளில், இன்ன நேரத்தில், வெளியாட்களால் நடந்தது என்பதற்கு அதுவே முதல் அரசுப் பதிவு. எனவே 'யார் என்று தெரியாது. புகார் கொடுத்து என்ன பயன்' என்று விட்டுவிடக் கூடாது. அடையாளம் தெரியாத நபர்கள் என்றே புகார் எழுதலாம். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான் இழப்பீடு என்ற விதி எதுவும் பாலிசியில் இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவு, சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. இழப்பு 20,000 ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் 2 ஆண்டு வரையும், ஒரு லட்சமும் அதற்கு மேலும் இருந்தால் 5 ஆண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்கலாம். புகாரில் எழுதும் மதிப்பு வழக்கின் பிரிவையே மாற்றக்கூடியது என்பதால், வாய்க்கு வந்த தொகையை எழுதாமல் பொருள்வாரியாகப் பட்டியலிட வேண்டும். பிறகு நினைவுக்கு வரும் பொருட்களைக் கூடுதல் மனுவாகக் கொடுக்கலாம். காவல் புகாரில் 3 பொருளும் காப்பீட்டுப் படிவத்தில் 13 பொருளும் இருந்தால் கேள்வி எழுவது உறுதி.

முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். சிறிய சேதங்களுக்குத் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் முதலில் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீது மட்டும் தருவது வழக்கம். அதையும் வாங்கி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். வழக்குப் பதிவு செய்ய மறுத்தால், புகாரை எழுத்து வடிவில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் மனு செய்யலாம். அஞ்சல் ரசீதும் சான்றுதான்.

மதிப்பீட்டாளரின் வருகை

பெரிய தொகைக்கான கோரிக்கைகளில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரை நிறுவனம் அனுப்பும். இவரைச் சர்வேயர் என்பார்கள். இவருக்கான கட்டணத்தை நிறுவனமே கொடுக்கும். வீட்டுக்காரர் எதுவும் தர வேண்டியதில்லை. கோரிக்கை வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. சர்வேயர் திருநெல்வேலி போன்ற வேறு ஊரிலிருந்து வருவதானால், அவர் வரும் நாளைக் கேட்டறிந்து வீட்டில் இருக்க வேண்டும்.

சர்வேயர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார். நடந்தது பாலிசியில் சொல்லப்பட்ட நிகழ்வுதானா? இந்தச் சேதம் அந்த நிகழ்வால்தான் வந்ததா? அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்? முதல் கேள்விக்குக் காவல் புகார் விடை தரும். இரண்டாவதற்குப் படங்களும் உடைந்த பொருட்களும் விடை தரும். சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசலையும் கல் பட்ட காயத்தையும் அவர் பிரித்துப் பார்ப்பார். முன்பு வீட்டில் எடுத்த கல்யாண வீட்டுப் படமோ பொங்கல் படமோ இருந்தால், அப்போது அந்த ஜன்னலும் கதவும் நன்றாக இருந்ததை அது காட்டும். மூன்றாவதற்குக் கொத்தனார், தச்சர், கண்ணாடிக் கடை, மின்பணியாளர் ஆகியோரிடம் அளவும் விலையும் குறித்த மதிப்பீட்டுச் சீட்டு வாங்க வேண்டும். 'மொத்தம் 60,000' என்று ஒரே வரியில் எழுதிய சீட்டு பயன்படாது.

தொகையைக் கூட்டிச் சொல்வது ஆபத்தானது. ஒரு பொருளில் பொய் இருப்பது தெரிந்தால், பாலிசியின் மோசடி நிபந்தனைப்படி உண்மையான இழப்புக்கான தொகையையும் இழக்க நேரிடும்.

சர்வேயரின் அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். கோரிக்கைக்குத் தேவையான, நேரடித் தொடர்புள்ள ஆவணங்களை மட்டுமே கேட்கலாம். ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் கோரிக்கையைத் தள்ளக் கூடாது. சர்வேயரின் மதிப்பீடு குறைவாக இருந்தால் அதன் நகலைக் கேட்டு, எந்த இனத்தில் எவ்வளவு குறைந்துள்ளது என்று எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். அந்த அறிக்கை மாற்ற முடியாத இறுதி முடிவு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009இல் கூறியுள்ளது. குறைந்த தொகையை வாங்கும்போது 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடலாம். தொகை பெற்றதற்கான ரசீதில் கையெழுத்திட்டதாலேயே மேலும் கோரும் உரிமை போய்விடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015இல் தெளிவுபடுத்தியுள்ளது.

சமாதானம் பேசும் முன்

சிறு ஊர்களில் பல கோரிக்கைகள் சிக்கலாவது இந்தக் கட்டத்தில்தான். கல்லெறிந்தவர் தெரிந்தவராக இருப்பார், உறவினராகவும் இருக்கலாம். பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். ஒரு தொகை கைமாறும். 'எங்களுக்குள் பிரச்சினை தீர்ந்துவிட்டது, மேல் நடவடிக்கை வேண்டாம்' என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கப்படும். ஊரில் பகை வளராமல் இருக்க இது நல்ல வழியாக இருக்கலாம். ஆனால் அந்தக் காகிதம் காப்பீட்டையும் தொடுகிறது.

இழப்பீடு கொடுத்த பிறகு, சேதம் செய்தவரிடமிருந்து அந்தத் தொகையை வசூலிக்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்கு மாறுகிறது. இது காப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. வீட்டுக்காரர் முன்பே 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நிறுவனத்தின் அந்த உரிமை பறிபோகிறது. அதைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க வழி ஏற்படும். மேலும் ஒரே இழப்புக்கு இரண்டு இடத்தில் பணம் பெற முடியாது. எதிர்த் தரப்பு 40,000 ரூபாய் கொடுத்திருந்தால் அது இழப்பீட்டில் கழிக்கப்படும், மறைத்தால் மோசடியாகும். எனவே சமாதானத்துக்கு முன் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதில் பெற வேண்டும். பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. கையெழுத்தை மட்டும் தள்ளி வைத்தால் போதும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

மறுப்பை, எந்த நிபந்தனையின் கீழ் என்ற விவரத்தோடு எழுத்தில் பெற வேண்டும். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மனு அனுப்ப வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' இணையதளத்திலும், 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். 'இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்' எனப்படும் இவரது சென்னை அலுவலகம் தமிழ்நாடு முழுவதற்கும் உரியது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி புகாரை இணையவழியில் அனுப்பலாம், விசாரணையும் காணொளி வழியே நடக்கலாம். எனவே சங்கரன்கோவிலில் இருப்பவர் இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டிய கட்டாயமில்லை. நிறுவனத்தின் மறுப்புக்குப் பிறகு ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். வீட்டுக்காரர் அதை ஏற்காமல் நீதிமன்றம் செல்லலாம்.

மற்றொரு வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் கால வரம்பு. கட்டிய பிரீமியத் தொகையைக் கொண்டே கட்டணம் கணக்கிடப்படுவதாலும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை என்பதாலும் சாதாரண வீட்டுப் பாலிசிதாரருக்குச் செலவு மிகக் குறைவு. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலும் வழக்கு நடத்த முடியாது.

காப்பீடு இல்லாத வீடுகள்

கெடுநோக்குச் சேதத்தில் பெரிதும் பாதிக்கப்படுபவர்கள் பல நேரங்களில் காப்பீட்டின் வாசலுக்கே வராத ஏழைகள். அவர்களுக்கும் சில சட்ட வழிகள் உள்ளன.

தமிழ்நாடு சொத்து (சேதம் மற்றும் இழப்புத் தடுப்பு) சட்டம் 1992இல் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் பொதுச் சொத்துக்கு மட்டும் இருந்த இச்சட்டம் 1994இல் தனியார் சொத்துக்கும் விரிவாக்கப்பட்டது. சேதம் விளைவிப்பவருக்கு ஓராண்டுக்குக் குறையாத, 5 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனை உண்டு. அரசியல் கட்சியோ, சமூக, மொழிக் குழுவோ நடத்தும் ஊர்வலம், கூட்டம், போராட்டத்தின்போது நேர்ந்த சேதத்துக்கு அந்த அமைப்பிடமே இழப்பீடு வசூலிக்க இச்சட்டம் வழி செய்கிறது. பொது மற்றும் தனியார் சொத்துகளின் அழிப்பு குறித்து 2009இல் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறைகளும் அழித்தவரும் ஏற்பாட்டாளரும் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. இத்தகைய நிகழ்வுகளில் பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகள் (1995) பொருந்தும். எரிக்கப்பட்ட, அழிக்கப்பட்ட வீட்டுக்குப் பதிலாக அரசுச் செலவில் செங்கல் அல்லது கல் வீடு கட்டித் தர வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. இந்த உரிமை காப்பீடு இருப்பதையோ இல்லாததையோ பொறுத்ததல்ல. வீடு எரியும்போது பட்டா, குடும்ப அட்டை, கல்விச் சான்றிதழ் போன்ற தாள்களும் எரிந்துபோகும். நிவாரணம் கேட்கும்போது முதலில் கேட்கப்படுபவையும் அவையே. பாலிசியையும் ஆவணங்களையும் படமெடுத்து மின்னஞ்சலிலோ டிஜிலாக்கரிலோ வைத்திருப்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் பாதுகாப்பு.

பிற நாடுகளில்

கலவரச் சேதத்தைத் தனியார் நிறுவனங்கள் மட்டும் தாங்க முடியுமா என்ற கேள்வி பல நாடுகளில் எழுந்துள்ளது. இலங்கையில் 1983 ஜூலையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் பெருமளவில் எரிக்கப்பட்டன. பின்னர் 1987இல் அந்நாட்டு அரசு, வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றுக்கென ஒரு தனி நிதியத்தை அமைத்தது. காப்பீட்டு நிறுவனங்கள் வசூலிக்கும் கூடுதல் பிரீமியம் அதில் சேர்ந்து, இழப்பீடு அதிலிருந்து வழங்கப்படுகிறது. பிற்காலத்தில் பயங்கரவாதமும் அதில் சேர்க்கப்பட்டது. தேசிய காப்பீட்டு நம்பிக்கை நிதியம் அதை நிர்வகிக்கிறது.

இங்கிலாந்தில் அமைதி காப்பது காவல்துறையின் பொறுப்பு, அதில் தவறினால் இழப்பையும் அதுவே ஏற்க வேண்டும் என்பது பழைய கருத்து. 1886ஆம் ஆண்டின் சட்டம் அப்படியே விதித்தது. 2011 ஆகஸ்டில் லண்டன் முதலிய நகரங்களில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அச்சட்டம் மாற்றப்பட்டு, 2016இல் கலவர இழப்பீட்டுச் சட்டம் வந்தது. காப்பீடு இல்லாதவரும் அதன்கீழ் காவல்துறை நிர்வாகத்திடம் கோரலாம். உச்ச வரம்பு 10 லட்சம் பவுண்டு.

இந்தியாவில் இவ்விரு முறைகளும் இல்லை. வீட்டுக்கான கெடுநோக்குச் சேதக் காப்பீடு தனிமனிதர் வாங்கும் பாலிசியிலேயே இருக்கிறது. ஆகவே பாலிசியைச் சேதத்துக்கு முன்பே ஒருமுறை படித்து, தறி, பூட்டிய வீடு, வாடகைதாரர் ஆகிய விவரங்களை நிறுவனத்துக்குத் தெரிவித்து, வீட்டின் ஒவ்வோர் அறையையும் நல்ல நிலையில் படமெடுத்து வைத்தவரே பின்னாளில் இழப்பீட்டை எளிதாகப் பெறுகிறார்.